தூபு சாப்பிடவில்லை

போன் அடித்தது.

ஹே-வொன் ஒரு பூடிலின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலை ஒன்பது பத்து. மாங்வொன் பேட்டையில் அவள் நடத்தும் நாய்ப் பள்ளிக்குப் 'பிள்ளைகள்' வந்து சேரும் நேரம். திரையில் 'போரி அம்மா' என்று மின்னியது. போரி அங்கே படிக்கும் ஒரு நாய்.

"சொல்லுங்க போரி அம்மா! வேன் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

ஆண் குரல்!

"வேன் ஓட்டிட்டு வந்தவர் பூட்டுல நம்பர் கோடு அழுத்திக் கதவைத் திறந்து உள்ளயும் வந்துட்டார். யாரும்மா இவர்?"

"நீங்க... யாரு?"

"போலீஸ். இன்ஸ்பெக்டர் மா."

பூடில் நழுவி ஓடியது. அவள் கவனிக்கவில்லை.

"போரி அம்மாவுக்கு என்ன சார் ஆச்சு?"

"கீழ்வீட்டுக்காரங்களுக்கு நேத்து காலையில பதினோரு மணிக்கு ஏதோ சத்தம் கேட்டிருக்கு, சாயங்காலம்தான் போய்ப் பார்த்திருக்காங்க. வாசல்லயே தலையில அடிபட்டுக் கிடந்தாங்க. உயிர் இருக்கு, நினைவு இல்லை. பீரோவுல இருந்த தங்க ஆமையைக் காணோம். கதவு உடையலை. கோடு தெரிஞ்ச யாரோ வந்திருக்காங்க. உங்க ஆளுக்கு அது எப்படித் தெரியும்?"

"அவருக்கு எல்லார் வீட்டுக் கோடும் தெரியும் சார். அம்மாங்க சீக்கிரமே வேலைக்குப் போயிடுவாங்க, அவர்தான் கதவைத் திறந்து பிள்ளைங்களை..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரொம்ப லேட்!

"எல்லார் வீட்டுக் கோடும்!" இன்ஸ்பெக்டர் ரசித்துச் சொன்னார். "அங்கேயே இருங்க. வர்றேன்."

*

வேன் வந்து நின்றது. பின்னாலேயே போலீஸ் ஜீப்.

இறங்கிய கி-ஹோவின் முகத்தில் ரத்தமே இல்லை. முப்பத்து நாலு வயது. இரண்டு வருஷமாக வேன் ஓட்டுகிறான். எட்டு மாதமாக அவளைக் காதலிக்கிறான். அவனுக்குப் பின்னால் தொப்பை, குடை, இன்ஸ்பெக்டர் மா.

இன்ஸ்பெக்டரின் காலணியை உடனே நான்கு நாய்கள் முகர்ந்தன.

"கடிக்குமா?"

"முதல் தடவை வர்றவங்களைக் கடிக்காதுங்க" என்றாள் ஹே-வொன். "போரி எங்க சார்?"

"பக்கத்து டாக்டரம்மாகிட்ட. ராத்திரி முழுக்க வாந்தி. யாரோ வாத்துக்கறி வத்தல் கொடுத்திருக்காங்க. குரைக்காம இருக்கறதுக்கு."

"வாத்துக்கறியா! அதுக்குக் கணையம் வீக்கம் சார். கொழுப்பே ஆகாது. செத்திருக்கும்!" அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "சார்... இவர் கொடுத்திருக்கவே மாட்டார். போரியோட மருந்துச் சீட்டை ரெண்டு வருஷமா இவர்தான் கொண்டு வர்றார்."

"போலீஸை அப்படி நினைக்க வைக்கறதுக்காகவே கொடுத்திருக்கலாமே?" இன்ஸ்பெக்டர் கி-ஹோவின் பக்கம் திரும்பினார். "நேத்து காலையில பதினோரு மணிக்கு எங்கய்யா இருந்த?"

நேற்று செவ்வாய். செவ்வாய்க்கிழமை போரிக்கு லீவு. போரி அம்மா பேட்டைப் பொதுக் குளியல் நிலையத்துக்குப் போய் மதியம்தான் திரும்புவார். இது பள்ளியில் எல்லாருக்கும் தெரியும்.

கி-ஹோ வேன் சாவியைப் பைக்குள் போட்டான்.

"வண்டி கழுவப் போயிருந்தேன் சார்."

ஹே-வொன் நிம்மதியாக வேனைப் பார்த்தாள்.

நிம்மதி அப்படியே உறைந்தது.

வேனின் பின்கண்ணாடி முழுக்க நாய் மூக்குகளின் ஈரத் தடங்கள்! நடுவில் அந்தப் பெரிய வட்டம் திங்கட்கிழமை பெர்னார்ட் நாய் வைத்தது. 'துடைச்சிடு' என்று அன்றைக்கே அவள்தான் சொன்னாள். அது காய்ந்து, பொருக்குத் தட்டி, அப்படியே இருந்தது.

வண்டி கழுவப்படவில்லை.

கி-ஹோ பொய் சொல்கிறான்!

"என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?"

"இல்லை... ஒண்ணுமில்லை சார்."

கி-ஹோ அவளைப் பார்த்தான். அவள் பார்வையைத் தொடர்ந்து கண்ணாடியைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"ஹே-வொன், சாயங்காலம் எல்லாம் சொல்றேன். என்னை நம்பு."

"சாயங்காலம் நீ எங்க இருப்பேன்னு நான்தான் முடிவு பண்ணணும் தம்பி" என்றார் இன்ஸ்பெக்டர். "ஜீப்புல ஏறு."

*

அதற்குப் பிறகு ஹே-வொனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். அவள் நடந்தால் நாய்களும் நடந்தன, நின்றால் நின்றன. 'உட்கார்' என்று சைகை காட்டினாள். ஒன்றுகூட உட்காரவில்லை. டீச்சரே உட்காரவில்லையே!

எங்கே போனாய் கி-ஹோ? ஏன் பொய் சொன்னாய்?

பதினோரு மணிக்குக் கதவு படாரென்று திறந்தது.

"டீச்சர்! கேள்விப்பட்டேன்! அய்யோ, போரி அம்மா!"

தூபு அம்மா. நாற்பத்தைந்து வயது, சிவப்புக் கைப்பை. அவளுடைய உண்மைப் பெயர் ஹே-வொனுக்கு ஞாபகமில்லை. இங்கே யாருக்கும் யார் பெயரும் ஞாபகமிருக்காது. நாயின் பெயர்தான் விலாசம். காலையில் தூபுவை விட்டுவிட்டுப் போனவள், இப்போது மூச்சு வாங்க வந்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"தூங்கலையா தூபு அம்மா?"

"வீட்டை ஒழுங்கு பண்ணிட்டு இருந்தேன் டீச்சர். ராத்திரியெல்லாம். அது கிடக்கட்டும், உங்க வேன்காரரைப் பிடிச்சுட்டாங்களாமே! எனக்கு அவர் முழியே பிடிக்காது. ஊர்ல உள்ள கோடெல்லாம் ஒரே மண்டையில! நாளைக்கு எங்க வீடு, நாளான்னிக்கு உங்க வீடு..."

"அவர் பண்ணியிருக்க மாட்டார்."

"அப்ப வேற யாரு? கோடு போட்டுத்தானே உள்ள போயிருக்காங்க? மத்த அம்மாங்க எல்லாரும் பயந்து போயிருக்காங்க. அடுத்த வாரம் எத்தனை பிள்ளைங்க இங்க வரும்னு எனக்கே தெரியலை." குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் போரி பிறந்தநாள்ல அந்த ஆமையைத் தட்டுல வெச்சப்பவே சொன்னேன், கண்ணு படும்னு."

ஹே-வொனுக்கு நினைவிருந்தது. குழந்தைக்கு முதல் பிறந்தநாளில் செய்வதைப் போலவே வளர்ந்த போரிக்கும் செய்தார்கள். தட்டில் நூல், பேனா, அரிசி, பந்து. எதை எடுக்கிறதோ அதுதான் பிள்ளையின் எதிர்காலம். போரி அம்மா ஆசையாகத் தன் புருஷன் ரிட்டயர் ஆனபோது கிடைத்த தங்க ஆமையையும் வைத்தார். கட்டைவிரல் நுனி அளவுதான். போரி நேராகப் போய் ஆமையைக் கவ்வியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

தூபுவுக்கு முறை வந்தபோது அது அரிசியைத் தின்றது. தட்டில் இருந்த காகிதத்தையும் சேர்த்து.

"சரி டீச்சர், நான் வர்றேன். சாயங்காலம் தூபுவைக் கூட்டிட்டுப் போறேன்."

போய்விட்டாள்.

*

மதியம் பன்னிரண்டரை. சாப்பாடு.

இருபது கிண்ணங்கள் காலி. ஒன்று மட்டும் அப்படியே இருந்தது.

ஹே-வொன் குனிந்து பார்த்தாள். நம்பவில்லை. மறுபடி பார்த்தாள்.

தூபுவின் கிண்ணம்!

செருப்பைத் தின்பவன். ஈரத்துணியைத் தின்பவன். இன்ஸ்பெக்டரின் குடையைக்கூட ருசி பார்த்தவன். அந்தச் சப்பை மூக்கு புல்டாக் ஒரு மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு ஜொள்ளு விட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வேளை சாப்பிடாவிட்டால் டாக்டர். இது பள்ளியின் விதி. எல்லா அம்மாக்களும் சேர்க்கும்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

உதவி டீச்சரிடம் மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டுத் தூபுவைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடினாள்.

டாக்டர் சூ வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"என்னத்தையோ முழுங்கியிருக்கு. இது புதுசா என்ன? போன தடவை காலுறை. அதுக்கு முன்னாடி ரிமோட் பட்டன். வா ராஜா, போட்டோ எடுக்கலாம்."

எக்ஸ்ரே திரை ஒளிர்ந்தது.

இருவரும் திரையருகே குனிந்தார்கள்.

சாம்பல் நிற வயிற்றுக்குள்... பளீரென்று வெள்ளையாக... ஒரு ஓடு. நாலு கால். ஒரு குட்டித் தலை!

"டாக்டர்... இது..."

"ஆமை" என்றார் டாக்டர் சூ. "நான் முப்பது வருஷமா எக்ஸ்ரே பார்க்கறேன். வயித்துக்குள்ள இருந்துட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது இதுதான் முதல் தடவை."

ஹே-வொன் போனை எடுத்தாள். இன்ஸ்பெக்டரின் எண்ணை அழுத்தினாள்.

"இன்ஸ்பெக்டர் சார், உடனே டாக்டர் சூ கிளினிக்குக்கு வாங்க. பின்பக்கமா!"

அடுத்த போன்.

"தூபு அம்மா, தூபு சாப்பிடலை. டாக்டர்கிட்ட இருக்கோம். வர்றீங்களா?"

"அய்யோ, என் செல்லம்! இதோ வர்றேன்!"

அந்தப் பதற்றத்தில் பொய் இல்லை. அதுதான் ஹே-வொனை உலுக்கியது.

*

தூபு அம்மா உள்ளே வந்ததும் தூபுவைக் கட்டிக்கொண்டாள். சிவப்புக் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

"கண்ணு, இதாவது சாப்பிடுடா."

வாத்துக்கறி வத்தல்.

"இதை எப்பவும் பையிலயே வெச்சிருப்பீங்களா?" ஹே-வொன் மெதுவாகக் கேட்டாள்.

"இவனுக்கு உயிராச்சே! நேத்து கொஞ்சம் அசந்தேன், பொட்டலத்தோட காலி பண்ணிட்டான். என்னாச்சு டாக்டர்?"

டாக்டர் சூ திரையைத் திருப்பினார்.

தூபு அம்மா பார்த்தாள்.

அவள் வாய் அவளைக் கேட்காமலே பேசியது.

"அடப்பாவி! இங்கயா இருக்கு! ராத்திரி முழுக்க வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடினேனே!"



திரைச்சீலை விலகியது. முதலில் தொப்பை வந்தது. பிறகு இன்ஸ்பெக்டர் மா.

"தேடிக் கொடுத்துட்டோம்மா. வேற ஏதாவது காணாம போயிருக்கா?"

"இது... இது பொம்மை சார்! இவனோட பொம்மை!"

"பொம்மைக்காகவா ராத்திரியெல்லாம் தூங்கலை?" ஹே-வொன் கேட்டாள். "ஆமையை வத்தல் பொட்டலத்துல போட்டு மறைச்சீங்க. வத்தல் வாசனையில இவன் அதையும் சேர்த்து முழுங்கிட்டான். அப்படித்தானே?"

தூபு அம்மாவின் முகம் மாறியது. நாற்காலியில் சரிந்தாள்.

"நான் தள்ளத்தான் செஞ்சேன் டீச்சர். அவங்க குளிச்சு முடிச்சு இவ்வளவு சீக்கிரம் வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்? செருப்பு அலமாரியில தலை பட்டுடுச்சு."

"கோடு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் இப்போது எரிச்சல்.

"நீங்கதானே காட்டினீங்க!"

"நானா?"

"தினமும் காலையில போடுவீங்களே, 'பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள்'னு ஒரு வீடியோ! கதவுக்குப் பின்னாடி போரி குதிக்கற சத்தம், கி-ஹோ சார் கை, ஒவ்வொரு பட்டனா... நான்தான் முதல் ஆளா ஹார்ட் போடுவேன். பார்க்கலையா நீங்க?"

ஹே-வொன் பார்த்திருந்தாள். ஒவ்வொரு ஹார்ட்டையும் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தாள். இருநூறு வீடியோக்கள். இருபத்திரண்டு வீடுகள். எடுத்ததெல்லாம் கி-ஹோவின் சட்டைப்பையில் அவள் மாட்டிவிட்ட கேமரா!



போனை எடுத்தாள். முதல் வீடியோவை அழித்தாள். இரண்டாவதை அழித்தாள். அம்மாக்கள் எல்லாருக்கும் எழுதினாள்: 'இன்றே கதவின் கோடு எண்ணை மாற்றுங்கள். தப்பு என்னுடையது. காரணத்தை நேரில் சொல்கிறேன்.'

எத்தனை பிள்ளைகள் மிஞ்சுமோ தெரியாது. அனுப்பிவிட்டாள்.

*

மாலை நாலு மணி. கி-ஹோ பள்ளி வாசலில் நின்றான்.

"போரி அம்மா கண்ணைத் திறந்துட்டாங்களாம்" என்றாள் அவள். "முதல் கேள்வியே போரி வெளிக்குப் போச்சான்னு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"வண்டி கழுவலை நீ."

"இல்லை."

"எங்க போன?"

கி-ஹோ சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தான். உள்ளே மெல்லிய மோதிரம்.

"அளவு பெருசா இருந்துது. சின்னதாக்கக் கொடுக்கப் போனேன். இப்ப வர்ற வழியிலதான் வாங்கினேன். ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரையில வெச்சுக் கேட்கலாம்னு இருந்தேன். ஸ்டேஷன்ல சொல்லியிருந்தா இன்ஸ்பெக்டர் இங்க வந்து உன்கிட்ட சொல்லிடுவார். அந்த ஆளைப் பார்த்தல்ல?"

"முட்டாள்!" அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "ஒரு காலைப் பொழுது முழுக்க உன்னைத் திருடன்னு நினைச்சேன்."

"இப்ப?"

"இப்ப கண்ணாடியைத் துடை. அப்புறம் பதில் சொல்றேன்."

பின்னாலிருந்து ஒரு செருமல்.

இன்ஸ்பெக்டர் மா. குட்டி முக்காலியில் கஷ்டப்பட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் சல்லடை, மறு கையில் தூபுவின் கயிறு.

"டாக்டரம்மா சொன்னாங்க, ஆமை வழவழப்பா இருக்கு, தானாவே வந்துடும்னு. சாட்சிப் பொருளை விட்டு நகரக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. எவ்வளவு நேரம் ஆகும் டீச்சர்?"

"பூசணிக்காய் கொடுத்திருக்கோம் சார். நாளைக்குக் காலையில ஆகலாம்."

"நாளைக்கா!"

தூபு அவர் குடைக்கம்பியைக் கடிக்க ஆரம்பித்தது.

மறுநாள் காலை ஹே-வொன் தினசரிக் குறிப்பேட்டைத் திறந்தாள். இடது கை விரலில் மோதிரம் மின்னியது. தூபுவின் பக்கத்தில் வழக்கம்போல் எழுதினாள்:

'சாப்பாடு: முழுதாக. விளையாட்டு: நன்று. மலம்: ஒரு தடவை, கெட்டியாக. நிறம்: இருபத்து நாலு காரட்.'