ஜன்னலுக்கு வெளியே சிரிக்கிறவள்

தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. பெற்றவளுக்கு வயிறு குளிர வேண்டிய காட்சிதான். ஆனால் அன்று மதியம்தான் மகளின் பள்ளிப் பாவாடையை மறுபடி இடுப்பில் பிடித்துத் தைத்திருந்தாள். நாள் முழுக்க ஊராருக்குத் தைப்பவள், அளவில் ஏமாற மாட்டாள். தின்கிற சோறெல்லாம் எங்கேதான் போய்த் தொலைகிறது?

எல்லாம் அந்த விளம்பரம் வந்த பிறகுதான். வீட்டுக்காரர் வெளிச்சுவரை வாடகைக்கு விட்டுவிட்டார். மகளின் அறை ஜன்னலை ஒட்டி இரும்புச் சட்டம் அடித்து, கட்டடத்தின் உயரத்துக்குப் பிளாஸ்டிக் துணியை இழுத்துக் கட்டினார்கள். தெருவிலிருந்து பார்த்தால் பர்கரைக் கடிக்கப்போகும் ஒரு பெண், ஒட்டிய வயிறும் பளபளக்கும் கன்னமுமாக. அறையிலிருந்து பார்த்தால் அவள் முகத்தின் பின்பக்கம். காற்றில் துணி கிழியாமலிருக்க ஆட்கள் அங்கங்கே பிறை வடிவில் வெட்டிவிட்டிருந்தார்கள். அதில் ஒன்று சரியாக உதட்டில் விழுந்திருந்தது.

“அவ்வளவு தின்னுட்டும் அவ எப்படி இருக்கா பாரும்மா. நான் தண்ணி குடிச்சாலே குண்டாயிடறேன்,” என்று மகள் ஆரம்பத்தில் பொருமினாள்.

“போடி. அவ தின்னதை யார் பாத்தா?” என்று சிரித்து மழுப்பினாள் அம்மா. அதன்பிறகு மகள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.

வெயில் சாய்ந்தது. மகள் மறுபடி தட்டோடு உள்ளே போயிருந்தாள். கதவிடுக்கில் சிவப்பு வெளிச்சம் கசிந்து தரையில் நீண்டது. அந்தத் தெருவில் சாப்பாட்டுக் கடையே இல்லாதபோதும் பொரித்த எண்ணெயின் வாடை கனமாக வந்து தொண்டையில் ஒட்டியது. இரும்புச் சட்டம் முனகியது. அதற்கும் அடியில், ஈரமாக, நிதானமாக, எதையோ மெல்லும் சத்தம் கேட்டது. தையல் மிஷினில் அவள் கால் நின்றது.

கதவைத் தள்ளினாள். மகளின் கை, முழங்கைவரை, அந்த வெட்டுக்குள் இருந்தது.

“என்னடி பண்றே?”

“அவளுக்குப் பசிம்மா.” மகள் திரும்பவே இல்லை. “குடுக்கலைன்னா என்னைக் கேக்கறா.”

அம்மா வெடுக்கென்று இழுத்தாள். கை வெதுவெதுப்பாக, நனைந்து வந்தது. மகளைக் கட்டிலில் உட்கார்த்தி, வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, இப்பவே அந்தப் படத்தைக் கழட்டச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“எந்தப் படம்மா? அதான் நேத்தே கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்களே. கீழதான் நிக்கறேன். வெறும் சட்டம்தான் தெரியுது.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னல் முழுக்கச் சிவப்பு. அது அசைந்தது. வெட்டு விரிந்தது. சூடான மூச்சு முகத்தில் அடித்தது. மகள் எழுந்து அதை நோக்கி நடந்தாள்.

அம்மா அவளைப் பிடித்து வாசல்பக்கம் இழுத்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் மகளின் கால் துவண்டது. வாசலைத் தொடுமுன் அவளுக்கு மூச்சே திணறியது. அது இவளை விடாது; வெளியே கொண்டுபோனால் செத்துவிடுவாள்.

“நான் தர்றேன். எம்புள்ளைய விட்டுடு.”

ஒரு கையால் மகளைப் பிடித்தபடி, அடுக்களையிலிருந்து சோற்றுப் பானையை எடுத்துவந்து ஜன்னலடியில் வைத்தாள். வெட்டுக்குள் அள்ளி அள்ளித் திணித்தாள். சோறு. முட்டை. நாளைக்கு வைத்திருந்த ரொட்டி. மென்றது. விழுங்கியது. பானையின் அடியை விரல் சுரண்டியது.

வாய் மூடவில்லை.

மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டாள்.