ஆட்சேபித்தவரைக் காணோம்!

"ஐயோ... கெணத்துல ரத்தம்!"

ஞானாம்பாளின் அலறலில், பக்கத்துக் காம்பவுண்டில் பல் துலக்கிக்கொண்டிருந்த சிவபிரகாஷ் பாதி பேஸ்ட்டை விழுங்கினான்.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தான்.

கிணற்று நீர்... சிவப்பு!

நடுவில் ஒற்றைச் செருப்பு மிதந்தது. ஞானாம்பாளின் கணவர் பொங்கியண்ணனுடையது!

'இன்றைக்குப் பார்த்தா?'

பதினொரு மணிக்கு அனுமதி ஆபீஸர் வருகிறார். சிவபிரகாஷ் சாயப்பட்டறை போடுவதில் ஆட்சேபணை உண்டா என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்பார். தெருவே தலையாட்டியாயிற்று. "எங்க குடிதண்ணி போயிருமுங்க" என்று ஆட்சேபித்தவர் ஒரே ஒருவர்.

பொங்கியண்ணன்!

யார் போன் செய்தார்களோ... உடனே ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் அபிராமி இறங்கினாள். திருநெல்வேலிக்காரி. கூடவே கட்டம் போட்ட சட்டையில் ஒருவர். மஃப்டி போலீஸ் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"பொங்கியண்ணன் எங்க சார்?"

"எனக்கெப்படிங்க மேடம் தெரியும்?"

"நேத்து பேக்கரியில வச்சு அவர்ட்ட என்ன சொன்னீங்க?"

"டீ நல்லாருக்குன்னு சொன்னேனுங்க."

"அதுக்கப்புறம்?"

ஞானாம்பாள் முந்திக்கொண்டாள்.

"'உங்களையக் கெணத்துல தள்ளிப்போட்டுத்தான் பட்டறை போடுவேன்'னு சொன்னீங்களே! சொன்னபடியே செஞ்சுட்டீங்களா சாமி!"

மூக்கைச் சிந்தினாள். கண்ணீர் மட்டும் வரவில்லை. அதைக் கவனிக்கும் நிலையில் சிவபிரகாஷ் இல்லை.

அபிராமி வெள்ளை பனியன் துணி ஒன்றைக் கிணற்று வாளியில் முக்கி எடுத்தாள்.

"ரத்தம் மாதிரில்லா இருக்கு?"

சட்டைக்காரர் பேனாவைத் திறந்தார்.

சிவபிரகாஷ் அவசரமாகக் கணக்குப் போட்டான். உண்மையைச் சொன்னால், அனுமதி வாங்கும் முன்பே ராத்திரியில் சாயம் போட்டது வெளியே வரும். பட்டறை போச்சு! சொல்லாவிட்டால்... கொலைக் கேஸ்!

"மேடம்... பீட்ரூட்டா இருக்குமுங்க..."

"கெணறு நெறையவா? யார் வீட்டுக் கல்யாணம்?"

"இல்லீங்க..."

"நல்லாப் பாருங்க. திட்டுத் திட்டா, மட்டமான செவப்பு..."

மட்டமா?

உயிர்ப் பயத்தையும் மீறிக்கொண்டு சாயக்காரன் ரோஷம் பொங்கியது.

"என்ற சிவப்பையா மட்டம்ங்கறீங்க? ரத்தம் காஞ்சா பழுப்பாயிருமுங்க. இது ஆகாது! ஜெர்மன் பார்ட்டிக்குப் போட்டது. அம்பது தடவை தொவைச்சாலும் போகாது! ராவெல்லாம் கூடவே நின்னு நானே ஷேடு புடிச்சேனுங்க! மிச்சத் தண்ணிதான் கசிஞ்சு கெணத்துக்கு..."

நிறுத்தினான்.

ரொம்பத் தாமதம்!

"எழுதிக்கிட்டீங்களா சார்?"

"ஆச்சுங்க மேடம்" என்றார் சட்டைக்காரர். சிவபிரகாஷைப் பார்த்துக் கும்பிட்டார். "பதினொரு மணிக்கு வர வேண்டியவனுங்க. கொஞ்சம் முந்தி வந்துட்டேன்."

அனுமதி ஆபீஸர்!

சிவபிரகாஷ் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப... கொலைங்க?"

"கொலைன்னு நான் சொல்லவே இல்லியே!" அபிராமி சிரித்தாள். "ஆளு எங்கன்னுதான கேட்டேன்? விடியுமுன்ன ஸ்டேஷன் வாசல்ல நிக்காரு. தண்ணி செவந்திருக்கு, யார் சாயம்னு கேட்டா ஒருத்தரும் ஒத்துக்கிட மாட்டாங்கன்னாரு. அதான்..."

ஜீப்பின் பின்கதவு திறந்தது.

ஒரு காலில் செருப்பு. கையில் பாதி கடித்த தேங்காய் பன்.

பொங்கியண்ணன்!

"அண்ணா... நீங்க சாகலீங்களா?"

பொங்கியண்ணன் பன்னை நிதானமாக மென்று விழுங்கினார்.

"பக்கத்து ஊட்டுக்காரனைக் கேக்காம நீங்க சாயம் போட்டீங்க தம்பி... அதான் உங்களைக் கேக்காம நான் செத்துட்டேன்!"