‘உடுவில் அனுஷம்’ என்றொரு பைல்

மழை ‘சோ’வென்று கொட்டிக்கொண்டிருந்தது. சுன்னாகம் சந்தையடிப் போட்டோக்கொப்பிக் கடைக்குள் மழைக்கோட்டும் தலைக்கவசமுமாய் நின்றாள் உதயகலா. அவளுக்கு முன்னால் ஒரே ஒருவன்தான். அந்த ஒருவனும் நகருவதாக இல்லை...

“இதுக்குள்ளைதான் கிடந்தது... காலமை கூடப் பாத்தனான்...” போனின் கண்ணாடியை மேலும் கீழும் தேய்த்தபடி முணுமுணுத்தான் அவன்.

“சான்றிதழ் வந்தால்தானே தம்பி நான் பிறின்ற் எடுக்கிறது?” என்றார் கடைக்காரர் கோகுலன்.

உதயகலாவுக்குப் பொறுமை போயிற்று. “அண்ணை, உப்பிடித் தேய்ச்சால் கண்ணாடிதான் தேயும்... பைல் வராது.”

திரும்பினான். இமை மயிரில் ஒரு மழைத்துளி... விழுவோமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. “அவ்வளவு கெட்டிக்காரியெண்டால் நீங்களே தேடித் தாங்கோவன், தங்கச்சி!” என்று போனை நீட்டிவிட்டான்.

அவளுக்கு இது நாளாந்த வேலை. பிரதேச செயலகத்தில் சனங்களின் போனுக்குள் தொலைந்துபோன பத்திரங்களைத் தேடிக் கொடுத்துக் கொடுத்தே கை பழகியிருந்தது. டவுன்லோட்ஸைத் திறந்தாள். மின்கட்டணம்... யாரோ பிள்ளையின் பிறந்தநாள்... விரல் அப்படியே நின்றது.

கத்தரிப்பூ நிறச் சேலை. தலையில் மல்லிகைச் சரம். அது அவளேதான்!

அதற்குக் கீழே ஒரு பைல். பெயர், ‘உடுவில் அனுஷம்’.

அனுஷம் அவளுடைய நட்சத்திரம். உடுவில் அவளுடைய ஊர். போன வருடம் ஒன்றுவிட்ட தங்கை தர்ஷிகாவின் படத்தை எவனோ எடுத்துப் பேஸ்புக்கில் பொய்க்கணக்கு நடத்தியதில், பாவம் அவள் மாதக்கணக்காய் வெளியில் தலைகாட்டவில்லை. இவனும் அந்தச் சாதியோ...?

“இந்தப் பிள்ளையின்ரை படம் உங்களுக்கு எப்பிடி வந்தது?”

அவன் பதறிப்போய்க் கையை நீட்டினான். “அது... அதைப் பாக்காதேங்கோ. தாங்கோ இஞ்சை!”

பதறுகிறான் என்றால் குற்றம் இருக்கிறது! போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மற்றக் கையால் தலைக்கவசத்தைக் கழற்றினாள். அவன் முகம் வெளிறிப்போயிற்று.

“நீங்களோ...?”

“நான்தான். நீங்கள் ஆர்?”

“பிரவீணன்... கரவெட்டி.”

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். ஆவணியில் சின்னம்மா விபரமும் சாதகக் குறிப்புமாய்ப் பேசிக்கொண்டு வந்த சம்பந்தம். குறிப்புப் பொருந்தவில்லை என்று சாத்திரியார் கையை விரித்துவிட்டார். பொருத்தமில்லை என்று எந்த வீட்டிலும் வாய்விட்டுச் சொல்வதில்லை... பேசாமல் இருந்துவிடுவார்கள், மறுமொழி வராததுதான் மறுமொழி. அம்மாவும் பேசாமல் இருந்துவிட்டாள். அவனுடைய படம் வருவதற்கு முன்னமே எல்லாம் முடிந்துபோயிற்று.

“வேண்டாமெண்ட பிள்ளையின்ரை படம் உங்களுக்கு ஏன்? கரவெட்டியாருக்குச் சுன்னாகத்திலை என்ன அலுவல்? உங்கடை பக்கம் நெல்லியடியிலை கடையில்லையோ?”

“பக்கத்திலை நேர்முகப் பரீட்சைக்கு வந்தனான்.”

“நல்லாக் கதை விடுறியள்.”

“உங்களைத் தேடி வந்தனான் எண்டால், உங்கடை படம் கிடக்கிற போனை உங்கடை கையிலையே தருவனோ? நானென்ன அவ்வளவு மோடனோ?”

நியாயம்தான்... ஆனால் கள்ளன்மாரும் நியாயமாய்த்தானே கதைப்பார்கள்? “அழியுங்கோ. என்ரை கண்ணுக்கு முன்னாலை.”

போனை வாங்கி, படத்தையும் ‘உடுவில் அனுஷம்’ சாதகத்தையும் அழித்தான்.

“உது குப்பைக்கூடையிலை ஒரு மாசம் கிடக்கும். அங்கையும் போய் அழியுங்கோ... இனி வட்ஸ்அப் படங்கள்... அங்கையும் ஒண்டு கிடக்கு, பாருங்கோ.”

“பொலிஸிலையோ வேலை?” என்று முனகிக்கொண்டே அதையும் அழித்தான். பிறகு போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். “சந்தேகமெண்டால் முழுக்கப் பாருங்கோ. ஒளிக்க ஒண்டுமில்லை.”

பார்த்தாள். விடவில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பியவை கிடக்கும் இடத்தில், ஆவணி மாதத்தில் ஒரு பைல்... ‘குறிப்பு (1)’. தங்கள் வீட்டுக்கு வந்த சாதகம்! திறந்தாள். மஞ்சள் கரைபோட்ட தாள், தாய் தகப்பன் பெயர், ‘அட்சய வருடம்’... மனம் கணக்குப் போட்டது.

“உங்களுக்கு முப்பத்தொன்பது வயசோ? விபரத்திலை குறைச்சுப் போட்டு, வயசிலையும் ஏமாத்தோ?”

“ஆருக்கு? எனக்கு இருபத்தொன்பது!” எட்டிப் பார்த்தவன் தலையில் கைவைத்தான். “ஐயோ... உது கனடாவிலை குடும்பமாய் இருக்கிற அண்ணையின்ரை குறிப்பு!”

பெயர் வைக்க முதலே எழுதுகிற சாதகத்தில் பிள்ளையின் பெயர் எங்கே இருக்கும்? இரண்டிலும் ஒரே அப்பா, ஒரே அம்மா. ஒரே பெயரில் இரண்டு பைல்... அவசரத்தில் அண்ணனை அனுப்பிவிட்டான்!

கோகுலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “கலியாணம் முடிச்சவருக்கோ பொருத்தம் பாத்தவை!”

உதயகலாவுக்கும் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். மின்னஞ்சலுக்குள் கிடந்த சான்றிதழையும் தேடியெடுத்துக் கொடுத்தாள். தாள் சூட்டோடு வந்தது. அதை உறைக்குள் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பாராமலே கதைத்தான் பிரவீணன்.

“மறுமொழி வரும் வரும் எண்டு அம்மா போனையே பாத்துக்கொண்டிருந்தவ. பிறகு, படத்தை அழியடா எண்டு எத்தினை தரம் சொன்னவ... எனக்குக் கை வரேல்லை. அதுதான் உண்மை. இப்ப அழிச்சாச்சு. இனிப் பயப்பிடாதேங்கோ... வாறன்.”

மழைக்குள் இறங்கிவிட்டான்.

போகட்டும்... பொம்பிளைப்பிள்ளை வலியப் போய்க் கதைக்கிறதோ? ஊர் என்ன சொல்லும்? அவனே என்ன நினைப்பான்...? இப்போது பேசாமல் இருந்தால், அந்தப் பேசாமையே இரண்டாந்தரமும் மறுமொழி ஆகிவிடும். அதுவும் இந்தமுறை அம்மாவுடையதல்ல... அவளுடையது.

“கொஞ்சம் நில்லுங்கோ!”

நின்றான். சட்டை தோளோடு ஒட்டியிருந்தது.

“உங்கடை விபரத்திலை, ‘சமைக்கத் தெரியும், இடியப்பம் மட்டும் பிழிய வராது’ எண்டு எழுதியிருந்தியள்...”

“அது... அம்மா வெட்டச் சொன்னவ.”

“அதை வாசிச்சுப்போட்டு நான் தனியச் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சனான். வேண்டாமெண்டது சாத்திரியார். தலையாட்டினது அம்மா. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.”

அவன் படியேறி வந்தான். “இப்ப நான் கேக்கிறன்...”

“முதல்லை உங்கடை குறிப்பை ஒழுங்காப் பாத்து அனுப்புங்கோ.”

“அதுவும் பொருந்தாட்டி?”

அந்தக் கண்களை உற்றுப் பார்த்தாள். பொய் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று கடைசியாய் ஒருதரம் தேடினாள்... கிடைக்கவில்லை. தலை தானாய்க் குனிந்தது. குரல் மட்டும் குனியவில்லை.

“பொருந்தாட்டிலும்... எனக்கு விருப்பம்.”