ஓசையின்றி விழுந்த அலை

எட்டாவது அலை பாறையில் மோதியபோது சத்தம் வரவில்லை.

ஆந்தியா முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். காலையிலிருந்து மேற்குக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கம்பளித் தொப்பிக்கு மேல் இழுத்துவிட்ட மழைக்கோட்டின் முக்காட்டுக்குள் அது புகுந்து படபடவென்று அடித்துக்கொண்டதில் வேறெதுவும் சரியாகக் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய ஏழு அலைகளும் கீழே கருங்கல் மேடையில் இடித்தபோது, அவள் சாய்ந்து நின்ற பழைய கட்டடம், மூடுபனி நாட்களில் கப்பல்களுக்குச் சங்கு ஊதிய கட்டடம், ஒவ்வொரு தடவையும் அதிர்ந்தது. அந்த அதிர்வை முதுகெலும்பில் உணர்ந்தாள். எட்டாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. இரண்டு மாடி உயரம் எழும்பி, வெள்ளையாக விரிந்து, பஞ்சு மூட்டையைத் தரையில் இறக்கி வைத்தாற்போல விழுந்தது. சுவர் அசையவில்லை.

வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"ரோய், இப்ப வந்த அலை சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

"சத்தத்தை யாரு கவனிச்சா. படத்தைப் பாத்தா நீ அசந்துடுவக்கா."

"சத்தமே வரலடா."

"உனக்கு வயசாயிடுச்சு. காது போச்சு. கார்ல போய் மீன் ரொட்டியைத் தின்னுட்டுத் தூங்கு."

அவன் சிரிப்பது கேட்டது. கீழே, நாற்பது அடி ஆழத்தில், விலா எலும்புபோல் துருத்திய பாறை ஒன்றின் மறைவில், அவனுடைய சிவப்பு மழைக்கோட்டு, கேமரா டிரைபாட்டின் மேல் குனிந்திருந்தது.

புயல் எச்சரிக்கை வந்ததும் மற்றவர்கள் படகுகளை இழுத்துக் கட்டுவார்கள். அக்காவும் தம்பியும் கேமராவைத் தூக்கிக்கொண்டு புந்தா கலாதா முனைக்கு வந்துவிடுவார்கள். பதினோரு குளிர்காலமாக இப்படித்தான். ஒருவர் படமெடுக்கும்போது இன்னொருவர் கடலைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. லென்ஸ் மாற்றுகிறவன் எப்படியும் கடலுக்கு முதுகைக் காட்டுவான். அந்த அரை நிமிடத்துக்கு அவனுக்கு வேறொருவர் கண் வேண்டும். முன்பெல்லாம் கீழே இறங்கியவள் ஆந்தியாதான். ரோயைக் கயிறு கட்டி முதன்முதலில் அந்த மேடைக்கு இறக்கியவளும் அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் வழுக்கி விழுந்து வலது முழங்காலில் இரும்பு ஆணிகள் வைத்த பிறகு, அவள் வேலை மேலே நின்று பார்ப்பது மட்டுமே.

பார்த்தாள். அடுத்த வரிசை வந்தது. எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் இடித்தன. எட்டாவது மறுபடியும் ஓசையில்லாமல் எழுந்தது. இந்தத் தடவை காற்றும் அதோடு நின்றது. பாசி வாடையும் உப்பு வாடையும் சட்டென்று இல்லாமல் போய், நெடுநாள் அடைத்துக் கிடந்த நிலவறையின் ஈரச் சுண்ணாம்பு வாடை அவள் மூக்கில் ஏறியது. மேடை முழுவதும் வெள்ளையாக மூடியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நுரை வடிந்தபோது சிவப்பு தெரிந்தது. அங்கேயேதான் இருந்தது. ஆனால் டிரைபாட்டைக் காணவில்லை.

"மேல வந்துடு ரோய்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"விளையாடாத. வா."

வாக்கிடாக்கியைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பாறைச் சிப்பி பொறுக்கும் ஷெனாரோ, தோளில் பையுடன், கார் நிற்கும் பாதையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"ஏன் ஆந்தியா, உன் தம்பிக்கு என்ன கோபம்? கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமப் போறான்."

"எங்க பாத்தீங்க மாமா?"

"மேல, உங்க கார்கிட்ட. கால்ல செருப்பு கூட இல்ல. இந்தக் குளிர்ல."

"அவன் கீழ இருக்கான்."

அவள் கை காட்டினாள். ஷெனாரோ விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். நாற்பது வருடம் அந்தப் பாறைகளில் தொங்கிப் பிழைத்த மனிதர். கடலைப் பார்த்து அவர் முகம் மாறி அவள் கண்டதில்லை. வெகுநேரம் பார்த்தார். பிறகு பையைத் தோளிலிருந்து நழுவவிட்டார்.

"என்கூட வா. ஊருக்குப் போயிடுவோம். இப்பவே."

"என் தம்பியை விட்டுட்டா?"

"எது உன் தம்பி?" என்றார் ஷெனாரோ.

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. கடலோரப் பாதையில் ஊர்ப் பக்கமாக முதலில் நடந்தார். பிறகு ஓடினார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"அக்கா. கயிறு எங்க போச்சு? என்னால ஏற முடியல. கை மரத்துப் போச்சுக்கா."

குரலில் சிரிப்பு இல்லை. ஆறு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அழைத்த குரல். ஆந்தியா குப்புறப் படுத்து விளிம்புக்கு ஊர்ந்தாள். இரும்பு வளையத்தில் கட்டிய கயிறு அறுபடாமல் கீழே வரை தொங்கியது. அதன் முனை சிவப்புக் கோட்டின் மார்பில் உரசி ஆடிக்கொண்டிருந்தது.

"உன் முன்னாடியேதான் இருக்குடா. பிடி. பிடிச்சுக்கோ."

அது பிடிக்கவில்லை. முக்காடு மேல் நோக்கி நிமிர்ந்தது. உள்ளே இருட்டு.

"அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியல. அக்கா."

இரண்டு கைகளும் உடம்பின் பக்கங்களில் தொங்கின. விரல்கள் விரிந்திருந்தன. வெறும் கைகள். வாக்கிடாக்கி அதனிடம் இல்லை.

அப்படியென்றால் பேசுகிறவன் வேறெங்கோ இருக்கிறான். காரருகே. ஷெனாரோ பார்த்தது அவனைத்தான். அடிபட்டுத் தலை கலங்கி, எப்படியோ மேலே ஏறியிருக்கிறான். இந்த ஒரு நினைப்பைப் பற்றிக்கொண்டு ஆந்தியா எழுந்தாள். முழங்கால் ஆணிகள் குத்தின. சுவரைப் பிடித்து, புதரைப் பிடித்து, சேற்றில் கையூன்றி ஏறினாள். ரோய், ரோய் என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். தாயில்லாமல் அவள் வளர்த்த பிள்ளை. அவனில்லாத வீட்டுக்கு அவள் திரும்பிப் போவதாக இல்லை.

குன்றின் மறைவில் கார் நின்றது. அதன் பக்கத்தில் அவன் நின்றான். முதுகு காட்டியபடி.

"ரோய்."

திரும்பினான். அவன் முகம்தான். மோவாயில் சிறுவயதில் பட்ட அதே தழும்பு. வெறும் பாதங்கள், நீலம் பாய்ந்திருந்தன. கோட்டுக் கைகளிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. குறையவில்லை. நிற்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டாற்போல.

கைகள் வெறுமையாக இருந்தன.

"உனக்கு வயசாயிடுச்சு," என்றான். அதே சிரிப்பு. அதே இழுப்பு. "காது போச்சு."

அவள் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே விழுந்தாள். நான்கு கதவுகளையும் பூட்டினாள். சாவித் துவாரத்தைத் தடவினாள். சாவி இல்லை. சாவி எப்போதும் ரோயின் பையில்தான்.

மடியில் வாக்கிடாக்கி பேசியது.

"ஏறிட்டேன்க்கா. வேற வழியா ஏறிட்டேன். கார் தெரியுது. கதவைத் திற. என் பின்னாடி வருது."

பாதையில் சிவப்பு. நொண்டி நொண்டி வந்தது. கடவுளே, வந்துவிட்டான். அவள் கை பூட்டுக்குப் போனது.

அதன் பின்னால் இன்னொரு சிவப்பு.

அதன் பின்னால் இன்னொன்று.

ஒரே நொண்டல். எல்லாவற்றுக்கும் வலது கால்தான். பாதை வளைவிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் வலது கையை மடக்கி வாயருகே வைத்திருந்தன. எதன் கைக்குள் வாக்கிடாக்கி இருந்தது என்று தெரியவில்லை.

"அக்கா, திற."

எல்லா வாய்களும் அசைந்தன.

காரைச் சுற்றி நின்றன. கண்ணாடிகளில் முகம் பதித்தன. ஐந்தோ ஆறோ. எல்லாவற்றிலும் மோவாய்த் தழும்பு. எல்லாவற்றிலும் அவன் கண்கள்.

இவற்றில் ஒருவன் அவன். அதை மட்டும் அவள் நம்பினாள்.

எப்படிக் கண்டுபிடிப்பது. எப்படி.

மூச்சு. உயிருள்ளவன் மூச்சு கண்ணாடியில் படியும்.

ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்தாள். முன்பக்கம், தெளிவு. வலது, தெளிவு. பின்னால், தெளிவு. இடது பின் ஜன்னலில், உதடுகளுக்கு நேரே, உள்ளங்கையளவு வெண்படலம். விரிந்தது. சுருங்கியது. மீண்டும் விரிந்தது.

அழுகை பொங்கியது. இருக்கையைத் தாண்டிப் பின்னால் ஊர்ந்தாள். "வந்துட்டேன்டா. வந்துட்டேன்." விரல் பூட்டில் பட்டது.

மற்ற முகங்கள் அந்த வெண்படலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தலை சாய்த்து. பொறுமையாக.

முன்கண்ணாடியில் சிறு வெள்ளை தோன்றியது. சுருங்கியது. விரிந்தது. பிறகு வலது ஜன்னலில். பிறகு பின்னால். வெள்ளை பெருகியது. முகங்கள் மறைந்தன. காரைச் சுற்றி வெள்ளை மட்டும். அதன் பின்னால் சிவப்பு நிழல்கள் நகர்ந்தன. ஒன்றன் இடத்துக்கு ஒன்று. மெதுவாக. திரும்பத் திரும்ப.

பிறகு நின்றன.

எல்லாக் கதவுகளிலும் ஒரே நேரத்தில் தட்டல் கேட்டது. மென்மையாக, வீட்டுப் பிள்ளை தட்டுவதுபோல.