லூக்காவிலை எழுதாமல் விட்ட பேர்

இத்தாலிக்குப் போக வெளிக்கிடுற சனம் இப்பவும் எனக்குப் போன் எடுக்குது. பேஸ்புக்கிலை நான் போட்ட படங்களைப் பாத்திட்டு, கிருபா அக்கா, அந்தப் பழைய ஹோட்டல் வலு மலிவாமே, லிங்கை ஒருக்கா அனுப்புங்கோவன் எண்டு கேக்கினம். நான் அனுப்புறேல்லை. ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை புதுசாக் கட்டின பெட்டிக் கட்டிடமாப் பாத்து எடுங்கோ, பழசுக்கு ஆசைப்படாதையுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடுவன். எரிச்சல்காரி எண்டு நினைப்பினம். நினைக்கட்டும்.

பழசுக்கு ஆசைப்பட்டது நான்தான். டென்மார்க்கிலை, பிராண்டேயிலை எங்கடை வீதியிலை இருக்கிற பதினாலு வீடும் ஒரே செங்கல், ஒரே கூரை. நான் வேலைசெய்யிற முதியோர் இல்லத்திலையும் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைச் சுவர். ஒக்டோபர் லீவுக்கு பில்லுண்டிலையிருந்து பீசாவுக்கு மலிவா ரிக்கெற் கிடைச்சவுடனை, இந்த முறையாவது கதையுள்ள ஒரு இடத்திலை தங்கவேணும் எண்டு பிடிவாதமா நிண்டன்.

மூண்டு பின்னேரம் குசினி மேசையிலை லப்ரொப்போடை கிடந்து தேடினன். பீசாவுக்குப் பக்கத்திலை லூக்கா எண்டொரு பழைய நகரம். அதின்ரை மதிலுக்குள்ளை, ஒரு காலத்திலை கன்னியாஸ்திரிமார் இருந்த மடம் இப்ப ஹோட்டலாம். படத்திலை கல்லு வளைவு, மர உத்தரம், யன்னலிலை சிவப்புப் பூ. விலை மற்றதுகளின்ரை அரைவாசி. ஒரேயொரு சிக்கல், அறை இரண்டு பேருக்கு மட்டும். நாங்கள் மூண்டு பேர். நான், என்ரை மனுசன் அல்பேட், எங்கடை ஆறு வயசு ஹன்னா.

எங்கடை ஆக்களுக்கு இதொரு பிரச்சினையே? இரண்டு பேரெண்டு எடுத்துப்போட்டு நாலு பேர் படுக்கிறதுதானே வழக்கம். குருவி மாதிரிப் பிள்ளை, ஒரு ஓரத்திலை கிடக்கும் எண்டு இவரும் சொன்னார்.

அங்கை தங்கினவை எழுதினதுகளையும் வாசிச்சன். எல்லாரும் நல்லதாத்தான் எழுதியிருந்தினம். டெனிஷிலை ஒரு ஆள் எழுதினது மட்டும் வேறை மாதிரி இருந்தது. நல்ல இடம், ஆனால் எல்லாற்றை பேரையும் எழுதுவியுங்கோ, பிள்ளையளின்ரை பேரை முக்கியமா எழுதுவியுங்கோ எண்டு. இவருக்குக் காட்டினன். இன்னொரு கட்டிலை எங்கடை தலையிலை கட்ட அவங்களே எழுதுற தந்திரம் எண்டு சிரிச்சார். நானும் சேர்ந்து சிரிச்சன். அந்தச் சிரிப்பை நினைச்சுத்தான் இப்ப அழுறன்.

போய்ச் சேரேக்கை பின்னேரம் நாலு மணி. இவர் முன்வாசலாலை போனார். நான் ஹன்னாவோடை ஒழுங்கைக்குள்ளை, பக்கக் கதவடியிலை ஒளிச்சு நிண்டன். கதவு நீக்கலாலை எல்லாம் தெரிஞ்சுது. மேசையிலை கண்ணாடி போட்ட ஒரு மனுசி. அவவுக்கு முன்னாலை கம்பியூட்டர் இல்லை, தடிச்ச கொப்பியொண்டு விரிச்சபடி கிடந்தது. எத்தினை பேர் எண்டு இங்கிலிசிலை கேட்டா. இவர் இரண்டு எண்டார். இரண்டு பேர்தானா எண்டு திரும்பக் கேட்டா. ஓம் எண்டார். பிள்ளையள் ஒருத்தரும் இல்லையா எண்டா. இல்லை எண்டார்.

மூண்டு தரம்.

மனுசி பேனையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இவரின்ரை முகத்தைப் பாத்தா. பிறகு இரண்டு பேரை மட்டும் எழுதினா.

நான் பிள்ளையைப் பின்படியாலை ஏத்தினன். ஒடுங்கின கல்லுப் படி. லைற் இல்லை. நனைஞ்ச கம்பளியும் புளிச்ச பாலும் கலந்த மாதிரி ஒரு மணம். ஹன்னா பெரிய சத்தமா டெனிஷிலை ஏதோ கேக்க வெளிக்கிட, நான் அவளின்ரை வாயைப் பொத்தினன்.

"சத்தம் போடாதை. நீ இஞ்சை இல்லை."

பாதிப் படியிலை சுவருக்குள்ளை பீப்பா மாதிரி ஒரு மரப்பெட்டி பதிச்சிருந்தது. பக்கத்திலை சின்னப் பலகையிலை இங்கிலிசிலையும் எழுதியிருந்தது. போன் வெளிச்சத்திலை வாசிச்சன். வளக்க வழியில்லாதவை வெளியிலையிருந்து குழந்தையை இதுக்குள்ளை வைச்சு, உள்பக்கம் சுத்திவிட்டிட்டுப் போவினமாம். ஒருத்தரும் பேர் கேக்கிறேல்லையாம்.

நான் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ளை ஹன்னா கையை வைச்சுச் சுத்திப்போட்டாள். அவ்வளவு பழைய மரம், ஒரு சத்தமும் இல்லை. ஆனால் பாரமாச் சுத்திச்சுது.

உள்ளுக்கு ஏதோ இருக்கிறமாதிரி.

மூண்டு இரவும் ஹன்னா கட்டிலின்ரை விளிம்பிலை ஒடுங்கிப் படுத்தாள். ஏன் பிள்ளை, தள்ளிப் படுங்கோ எண்டால், அவளுக்கும் இடம் வேணுமாம் எண்டு டெனிஷிலை சொன்னாள். ஆருக்கு எண்டன். அவளுக்குப் பேரில்லையாம். விசர்க்கதை கதையாமல் நித்திரை கொள் எண்டு பேசினன். அந்த நாளையிலை அவளுக்கு முன்பல்லொண்டு ஆடிக்கொண்டிருந்தது. நாக்காலை அதைத் தள்ளித் தள்ளிக்கொண்டே இருப்பாள். விழுந்தால் தலையணைக்குக் கீழை வைக்கவேணுமாம், பல்லுத் தேவதை வருவாவாம். பள்ளிக்கூடத்திலை சொல்லிக் குடுத்தது.

வெளிக்கிடுற அண்டு இவர் முன்னாலை திறப்பைக் குடுக்கப் போக, நான் பின்படியாலை இறங்கினன். பொம்மையை விட்டிட்டு வந்திட்டன் எண்டு ஹன்னா திரும்பி மேலை ஓடினாள். இருட்டுக்குள்ளை நிண்டு, கெதியா வாங்கோ எண்டு மெல்லமாக் கூப்பிட்டன். ஒரு சின்னக் கை வந்து என்ரை கையைப் பிடிச்சுது. விறைச்சுப்போய் இருந்தது. நான் திரும்பிப் பாக்காமல் இழுத்துக்கொண்டு ஓடினன்.

ரெயினிலை இருக்கேக்கைதான் கண்டன், பிள்ளையின்ரை கையிலை பொம்மை இல்லை.

வீட்டை வந்தபிறகு நான் ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னன். ஏனெண்டால் பிள்ளை தமிழ் கதைக்கத் துவங்கிட்டாள். பிறந்ததிலையிருந்து நான் தமிழிலை கேட்டால் டெனிஷிலை மறுமொழி சொல்லுறவள். இப்ப, "கெதியா வாங்கோ", "தள்ளிப் படுங்கோ" எண்டு மெல்லிசா, வடிவாச் சொல்லுறாள். குழப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை செபக்கூட்டத்திலை எல்லாரும் பிள்ளையை மெச்சிச்சினம். எனக்கு எவ்வளவு பெருமை.

ஒரு கிழமை போகத்தான் விளங்கிச்சுது. அவள் சொல்லுறதெல்லாம் நான் அந்த ஹோட்டலிலை சொன்ன சொல்லுகள். அதுக்கு மேலை ஒரு சொல்லும் அவளிட்டை இல்லை. ஹன்னா எண்டு கூப்பிட்டால் திரும்புறாளில்லை. வகுப்பிலை பேர் கூப்பிடேக்கை கை தூக்கிறாளில்லை எண்டு ரீச்சர் போன் எடுத்தா.

நான் அவளின்ரை நாடியைப் பிடிச்சு வாயைத் திறந்து, முன்பல்லை விரலாலை தள்ளிப் பாத்தன்.

ஆடேல்லை.

இவருக்குச் சொன்னன். கண்டறியாத யோசனை, பிள்ளை திருந்தி வருது, உனக்கு அது பொறுக்கேல்லை எண்டு எரிஞ்சு விழுந்தார். ஆனால் வேலையாலை வந்தவுடனை பிள்ளையைத் தூக்கிற மனுசன், இப்ப தூக்கிறதை விட்டிட்டார். அதை நானும் கேக்கேல்லை.

சனிக்கிழமை மத்தியானம் உடுப்புத் தோய்க்கப் போனன். அவள் வாசிங் மெசினுக்கு முன்னாலை குந்தியிருந்து, வெறும் உருளையைக் கையாலை சுத்திக்கொண்டிருக்கிறாள். மெல்ல மெல்ல. என்ன செய்யிறாய் எண்டு கேட்டன். சொண்டிலை விரலை வைச்சாள்.

"சத்தம் போடாதை. நீ இஞ்சை இல்லை."

என்ரை குரல். அதே இழுவை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தபாலிலை லூக்காவிலையிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளுக்கு மடிச்ச கடுதாசி. கடுதாசிக்குள்ளை ஒரு சின்னப் பல். அடியிலை ரத்தம் காய்ஞ்சிருந்தது. இங்கிலிசிலை ஒரு வரி எழுதியிருந்தது. உங்கடை அறையிலை, தலையணைக்குக் கீழை இருந்தது, நேற்றுத்தான் விழுந்தது எண்டு.

நாங்கள் அங்கையிருந்து வந்து பன்ரண்டு நாள்.

உடனை ஹோட்டலுக்குப் போன் எடுத்தன். அந்த மனுசிதான் எடுத்தா. நாங்கள் பொய் சொன்னனாங்கள், மூண்டு பேர் வந்தனாங்கள், என்ரை பிள்ளை அங்கை நிக்கிறாள், அவளின்ரை பேரை எழுதுங்கோ, நான் இப்பவே வாறன் எண்டு அழுதழுது சொன்னன். கொப்பி ஒற்றை திருப்புற சத்தம் கேட்டுது.

"எழுதுறன்," எண்டா. "ஆனால் ஒரு பேருக்கு ஒரு பிள்ளைதான். உங்களோடை நிக்கிறவவுக்கோ, இஞ்சை நிக்கிறவவுக்கோ?"

அவவுக்குப் பின்னாலை, தூரத்திலை, படிக்கட்டிலை கேக்கிறமாதிரி ஒரு குரல். டெனிஷிலை.

"அம்மா, நான் இனிச் சத்தம் போடலாமா?"

எனக்கு வேறையொண்டும் தெரியேல்லை. இருக்கிற மூச்செல்லாத்தையும் சேத்துக் கத்தினன்.

"ஹன்னா!"

எனக்குப் பின்னாலை அவள் சுத்திக்கொண்டிருந்த வாசிங் மெசின் உருளை நிண்டுது.

"ஓம், அம்மா."

போனுக்குள்ளை பேனை கீறுற சத்தம் கேட்டுது. நல்லது, எழுதியாச்சு எண்டா மனுசி.