பதினைந்தாவது வாய்தா

சட்டக் கல்லூரியின் புதுக் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. அதன் பின்னால், மரங்களுக்கு நடுவே ஒரு பழைய ஓட்டுக் கட்டடம் இருந்தது. மாணவர்கள் வழக்காடிப் பழகும் மாதிரி நீதிமன்றம் அங்கேதான். இடிக்கப்பட்ட ஏதோ ஒரு கோர்ட்டிலிருந்து நீதிபதி மேடை, சாட்சிக் கூண்டு, தாழ்வாரத்து நீள பெஞ்சு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து அங்கே போட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவள் வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வகுப்பில் அவளுக்கு ‘வாய்தா’ என்று பெயர். கோர்ட்டில் வழக்கை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போடுவதுதான் வாய்தா. கட்டுரை, துணி துவைப்பது, பல் டாக்டர் என்று எல்லாவற்றையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஏற்கெனவே ஒரு வருடத்தைக் கோட்டை விட்டாயிற்று. மாதிரி நீதிமன்றத்தில் ஒரு வழக்கை ஒழுங்காக நடத்தி முடித்தால் பட்டம். இல்லையென்றால் இன்னொரு வருடம். “இந்தத் தடவையும் கவுத்தேன்னா வீட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே” என்று அக்கா காலையில்தான் போனில் சொல்லியிருந்தாள்.

தாழ்வாரத்தில் கிடந்த அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அதன் கைப்பிடியில் நகத்தால் கீறியது போல வரிசையாகக் கோடுகள். சும்மா இருக்கும் கை எண்ணத்தானே செய்யும்? எண்ணினாள். பதினாலு.

கதவைத் திறந்துவிட்டவர் உதவியாளர் அம்மா. முப்பது வருடம் நிஜக் கோர்ட்டு வாசலில் நின்று பெயர் கூப்பிட்டவர். ஓய்வுக்குப் பிறகு இங்கேயும் அதே வேலை.

“ஏம்மா, கேஸ் கட்டைக் கடைசித் தாள் வரைக்கும் படிச்சுட்டியா?”

“கரைச்சுக் குடிச்சாச்சும்மா.”

பச்சைப் பொய். பாதிக் கட்டு அவிழ்க்காமலேயே இருந்தது.

வருடா வருடம் ஒரு பழைய நிஜ வழக்கை, பெயர்களை மையால் அடித்துவிட்டு மாணவர்களிடம் கொடுப்பது இந்தக் கல்லூரியின் வழக்கம். இந்த வருடம் ஒரு வீட்டுத் தீ. வெளியே பூட்டிய கதவு, உள்ளே இரண்டு உயிர். பூட்டியது யார் என்று பார்த்த ஒரே ஆள் எதிர் வீட்டுப் பெண்மணி, மூன்றாம் சாட்சி. வாய்தா அரசுத் தரப்பு வக்கீல். மூன்றாம் சாட்சியாக நடிக்க ஒரு முதலாண்டுப் பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தாள்.

எதிர்த் தரப்பில் ‘சுருக்கம்’ உட்கார்ந்திருந்தான். எதைக் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுகிறவன் என்பதால் அந்தப் பெயர். மேடையில் பேராசிரியர். அவர் முன்னாள் நீதிபதி என்பதால் எல்லோருக்கும் ‘ஐயா’. இரண்டு சாட்சிகள் முடிந்தபோது மழை வலுத்து மின்சாரம் போயிற்று. ஐயாவின் மேசையில் மட்டும் ஒரு சின்ன மின்கல விளக்கு. சாரல் அடிக்கிறதென்று உதவியாளர் அம்மா பின்பக்க ஜன்னல்களைச் சாத்தப் போயிருந்தார்.

“அடுத்த சாட்சி?” என்றார் ஐயா, எழுதுவதிலிருந்து தலை தூக்காமல்.

“மூன்றாம் சாட்சி, ஐயா. நானே கூப்பிடறேன்.”

வாசலுக்குப் போய் நின்றாள். தாழ்வாரத்தில் யாரும் இல்லை.

“மூன்றாம் சாட்சி!”

மழைச் சத்தம்.

“மூன்றாம் சாட்சி!”

பெஞ்சு லேசாக முனகியது.

“மூன்றாம் சாட்சி!”

அவள் திரும்பித் தன் இடத்துக்கு வருவதற்குள், பின்னால் ஈரச் செருப்பின் சத்தம் கேட்டது.

‘நல்லவேளை, வந்துட்டா’ என்று நினைத்தாள். நனைந்த துணி நாள் கணக்கில் காயாமல் கிடந்தால் வருமே, அந்த வாடை அறைக்குள் வந்தது. தலையைத் துணியால் மூடிய உருவம் கூண்டில் ஏறியது. நரைத்த முடி ஒன்று கன்னத்தில் ஒட்டியிருந்தது. வேஷமெல்லாம் பலமாகத்தான் இருக்கிறது என்று மெச்சிக்கொண்டாள். ஐயா சத்தியப் பிரமாணத்தைச் சொல்ல, உருவம் அதைத் திருப்பிச் சொன்னது. வயதான குரல்.

“தீப்பிடிச்ச அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“எதிர் வீட்டு வாசல்ல.”

“எத்தனை மணி இருக்கும்?”

“அந்த மணியை எல்லாரும் கேக்குறீங்க.” குரல் நிதானமாக வந்தது. “இதைச் சொல்ல நான் எத்தனை நாள் வந்தேன்னு யாரும் கேக்கலையே.”

கொடுத்த தாளில் இது இல்லையே.

“எத்... எத்தனை நாள்?”

“பதினாலு.”

மேசையில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. முதலாண்டுப் பெண்ணின் செய்தி. ‘சாரி அக்கா. மழையில பஸ் கிடைக்கல. ரூமுக்கே திரும்பிட்டேன்.’

வாய்தா கூண்டை நிமிர்ந்து பார்த்தாள்.

கை தானாகக் கட்டின் முடிச்சை அவிழ்த்தது. போன் வெளிச்சத்தில் கடைசித் தாளைப் புரட்டினாள். ‘பதினாலாவது வாய்தா நாளன்று, நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்திருக்கையில் மூன்றாம் சாட்சி இறந்துவிட்டார். இனி அவரை அழைக்க வேண்டியதில்லை.’

கூண்டுக்குக் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“கேளும்மா,” என்றது குரல், கெஞ்சலாக. “கதவை யார் பூட்டினதுன்னு கேளு.”

ஒரே ஒரு கேள்விதான். கேட்டிருக்கலாம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கடைசியில் அவள் வாயிலிருந்து வந்தது, எப்போதும் வருகிறதுதான்.

“ஐயா, ஒரு வாய்தா வேணும்.”

கூண்டிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அவள் காது மடலில் அது சில்லென்று பட்டது.

“கடைசி வாய்தா,” என்றார் ஐயா எழுதியபடியே. “அடுத்த வியாழக்கிழமை. சாட்சி அன்னைக்குத் தவறாம ஆஜராகணும்.”

மின்சாரம் வந்தது.

கூண்டு காலியாக இருந்தது.

“யாரும்மா அந்தப் பொண்ணு? அச்சு அசலா நடிச்சாளே. அதுக்குள்ள எங்க போயிட்டா?” ஐயா சிரித்தபடி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். சுருக்கம் வாயே திறக்கவில்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

உதவியாளர் அம்மா உள்ளே வந்து தரையைப் பார்த்தார். வாசல்வரை போன ஈரத்தைப் பார்த்தார். பிறகு வாய்தாவை வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

“கூப்பிட்டியா?”

தலையசைத்தாள்.

“மூணு தடவையா?”

“ஆமாம்மா.”

“செத்த சாட்சியைக் கூப்பிட வேணாம்னு எழுதியே வெச்சிருக்கே, பாவிப்பொண்ணே! சரி, கூப்பிட்டுட்ட. கேட்டு முடிச்சு, ‘நீங்க போகலாம்’னாவது சொன்னியா?”

“வாய்தா... வாங்கிட்டேன்.”

அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அதுவரைக்கும் அவங்க எங்க போய் உக்காந்திருப்பாங்க?”

பெஞ்சின் கைப்பிடியில் இப்போது பதினைந்து கோடுகள்.

அந்த வாரம் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் தள்ளிப்போடவில்லை. கட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை நான்கு முறை படித்தாள். கேள்வியைத் தனித் தாளில் எழுதி மனப்பாடம் செய்தாள். ‘கதவை யார் பூட்டினார்கள்?’ அதன் கீழே, ‘நன்றி அம்மா, நீங்கள் போகலாம்.’ இப்போதெல்லாம் மதிப்பெண் நினைப்பே அவளுக்கு வருவதில்லை. பதினைந்து முறை நடக்க வைத்த அந்தப் பெண்மணியை ஒரு முறையாவது பேசவிட்டு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

விடுதியில் அவள் அறை வாசலில் தினமும் காலையில் கொஞ்சம் ஈரம் இருந்தது. துடைத்துவிட்டுப் போனாள். இன்னும் நாலு நாள். இன்னும் ரெண்டு நாள்.

வியாழக்கிழமை விடிந்தது. குளித்து, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, கேள்வித் தாளைப் பையில் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

போன் அதிர்ந்தது. கல்லூரி அலுவலகத்தின் செய்தி. ‘கனமழை காரணமாக இன்று விடுமுறை. மாதிரி வழக்குகள் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்படுகின்றன.’

“அப்பாடா!”

பழக்கம் பொல்லாதது. வாயிலிருந்து வந்த பிறகுதான், தான் சொன்னதே அவளுக்கு உறைத்தது.

அறைக்குள் அந்த வாடை.

முதுகுக்குப் பின்னால், அவள் படிக்கிற மேசைப் பக்கம், மரத்தில் நகம் இழுபடும் சத்தம். மெதுவாக, அவசரமில்லாமல், ஒரே ஒரு கோடு.

அவள் திரும்பிப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. மேசை விளிம்பில், பெஞ்சின் கைப்பிடியில் இருந்தது போலவே வரிசையாக, பதினாறு கோடுகள் இருந்தன. கடைசிக் கோட்டின் மரத்தூள் இன்னும் ஈரமாக இருந்தது.