ஒரே பிரதி

சோப்பு நுரையோடு இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்த கை, வழக்கமாகத் தட்டுப்படுவது தட்டுப்படாமல் நின்றது. சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு, நாலணாக் காசளவுக்குப் பள்ளமாக நாற்பது வருஷத்துக்கும் மேலாக அங்கேயே இருந்தது, இன்று காலை இல்லை. பிரேமலதா கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். தோள் வழவழவென்று இருந்தது.

போன வருஷம் வரை அந்தக் குளியலறையில் கண்ணாடியே கிடையாது. விளக்கை அணைத்துவிட்டுப் புடவை மாற்றியே இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். விவாகரத்தாகி ஸ்ரீரங்கத்துக்குத் தனியாகக் குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. திருவெறும்பூரில் வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்திருக்கும் கல்லூரித் தோழி ரோசரிதான் ஒருநாள் கேட்டாள்: "உன் உடம்ப நீ ஒருதடவையாவது முழுசா பாத்திருக்கியாடி? நான் படம் எடுக்கிறேன். உனக்கு மட்டும்தான். வேற யார் கண்ணுலயும் படாது."

எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள். ஜன்னல் வெளிச்சத்தில், துணியில்லாமல், முதலில் கூசி, பிறகு கூச்சம் மறந்து. சரிந்த வயிறு, மகள் ஜோதியைப் பெற்றெடுத்த ஆபரேஷன் கோடு, எண்ணெய் தெறித்த தொடை, வெடித்த குதிகால். நாற்பது பக்கப் புத்தகமாக அச்சாகி வந்தது, ஒரே ஒரு பிரதி. கடைசிப் பக்கத்தில் முகம். பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்து அன்றைக்கு அவள் அழுத அழுகை, சந்தோஷத்தில். இது நான்தான், இவ்வளவும் என்னுடையதுதான் என்று.

ஈரம் சொட்டச் சொட்ட இப்போது அந்தப் புத்தகத்தைத் திறந்தாள். மூன்றாம் பக்கத்துத் தோளில் தழும்பு இருந்தது. விரலை வைத்தாள். வழவழப்பான தாளில் விரல்நுனி உள்ளே இறங்கியது. நிஜமான பள்ளம். வெதுவெதுப்பாக இருந்தது. அச்சு மை வாசனை போய், சற்றுமுன் அவள் போட்டுக் குளித்த சோப்பின் வாசனை தாளிலிருந்து எழுந்தது.

மத்தியானம் ஆபரேஷன் கோடு போனது. அடிவயிற்றைத் திரும்பத் திரும்பத் தடவினாள். ஜோதி வெளியே வந்த வழி அது. எதுவுமே நடக்காதது மாதிரி இருந்தது வயிறு. மூன்று மணிக்குத் தொடைக் காயமும் இல்லை. உள்ளங்கை ரேகைகள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டிருந்தன.

"குடுத்துடு," என்றாள் புத்தகத்திடம். "இப்பதான எனக்குக் கிடைச்சுது. குடுத்துடு."

பக்கங்களை வெட்டி எடுத்துவிடலாம் என்று பிளேடை வைத்து இழுத்தாள். வழுக்கி உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது. வலி இல்லை. ரத்தம் இல்லை. பிசைந்த மாவுபோலத் தோல் மூடி ஒட்டிக்கொண்டது.

புத்தகத்துக்குள்ளிருந்து யாரோ "ஸ்ஸ்" என்று மூச்சை இழுத்தார்கள். தாளின் ஓரத்தில் சிவப்பு கசிந்தது.

ரோசரிக்குப் போன் போட்டாள்.

"ரோசரி, நான் பிரேமா பேசுறேன்."

"யாருங்க நீங்க? பிரேமா போன் உங்க கையில எப்படி வந்துச்சு? அவ எங்க?"

"நான்தான்டி!"

"இது அவ குரல் இல்லைங்க." இணைப்பு அறுந்தது.

புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கித் தஞ்சாவூர் ரோடு பஸ் மாறும்போது மழை பிடித்துக்கொண்டது. மடியில் அது கனத்தது. முதலில் குழந்தை கனம். திருவெறும்பூர் நெருங்கும்போது தூக்க முடியவில்லை. துண்டுக்குள் மூச்சு ஏறி இறங்கியது. அவளுடைய நெஞ்சு அசையவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

ரோசரி கம்பிக் கதவுக்கு உள்ளே நின்று பார்த்தாள். அடையாளம் தெரியாத பார்வை.

"யாரும்மா? என்ன வேணும்?"

"என்னைப் பாருடி. நல்லாப் பாரு."

ரோசரியின் கண் துண்டின் மேல் விழுந்தது. கதவைத் திறந்து பிடுங்கினாள். அவளுக்கு அது கனக்கவே இல்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்ததும் ரோசரியின் முகம் கலங்கியது.

"பிரேமா! என்னடி ஆச்சு உனக்கு?"

"முதல்ல கதவச் சாத்து, ரோசரி." பிரேமலதாவின் சொந்தக் குரல். தாளிலிருந்து. "அவ உள்ள வந்துடுவா."

ரோசரி கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள். சங்கிலி.

வெளியே நின்றவள் தட்டினாள். சத்தம் எழவில்லை. கத்தினாள். அதுவும் இல்லை. ஜன்னலுக்கு ஓடினாள்.

உள்ளே விளக்கு எரிந்தது. ரோசரி புத்தகத்தை நாற்காலியில் விரித்துச் சாய்த்து வைத்திருந்தாள். எதிரே உட்கார்ந்து, டீயை ஆற்றி, டம்ளரைத் தாளுக்கு நேராக நீட்டினாள்.

தாளிலிருந்து ஒரு கை வெளியே வந்து அதை வாங்கிக்கொண்டது.